ஸ்னோபோர்டு பூட்ஸ்: வாடகையா, புதிதா, பழையதா?

டிசம்பர் பிறந்தால் போதும், டெல்லியின் மயூர் விஹாரிலும் ஆர்.கே.புரத்திலும் துவாரகாவிலும் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் தவறாமல் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். காஷ்மீரின் குல்மார்க்குக்கு டிக்கெட் போட்டாயிற்று, பனிச்சரிவில் பலகைமேல் நின்று சறுக்கும் ஸ்னோபோர்டு கற்றுக்கொள்ளப் போகிறோம், பூட்ஸை அங்கே போய் வாடகைக்கு எடுக்கலாமா, இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போகலாமா? அமெரிக்காவில் இருக்கும் அக்கா லீவுக்கு வருகிறாள், அவளிடம் சொல்லிவிடலாமா? பழைய ஜோடி ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது, எடுக்கலாமா?

கேட்க வேண்டிய கேள்விதான். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் பலகையைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். பலகை உங்கள் எடைக்கும் உயரத்துக்கும் ஓரளவு ஒத்துவந்தால் முதல் ஓரிரு வருடத்தை ஓட்டிவிடலாம். பூட்ஸ் பொருந்தாவிட்டால் முதல் நாள் மத்தியானமே கால் மரத்துப்போய் அறைக்குத் திரும்ப வேண்டியதுதான். ஸ்னோபோர்டில் இரண்டு காலும் பலகையோடு பிணைக்கப்பட்டிருக்கும், கையில் ஊன்றுகோலும் கிடையாது. திரும்புவது, நிற்பது, வேகத்தைக் குறைப்பது எல்லாமே விரல் பக்கமோ குதிகால் பக்கமோ எடையை மாற்றுவதில்தான் நடக்கிறது. அந்த எடை காலிலிருந்து பலகைக்குப் போவது பூட்ஸ் வழியாக. உள்ளே கால் ஆடினால் நீங்கள் நினைத்தது பலகைக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். அதற்குள் விழுந்திருப்பீர்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெல்லிக் கடைகளில் 'ஸ்னோ பூட்ஸ்' என்ற பெயரில் கிடைப்பவை பனியில் நடப்பதற்கானவை. அவற்றை ஸ்னோபோர்டின் பைண்டிங்கில், அதாவது பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பட்டைகளில், மாட்டி ஓட்ட முடியாது. காலுக்கு ஒன்றாக இரண்டு நீளப் பட்டைகளில் சறுக்கும் ஸ்கீயின் பூட்ஸும் வேறு, அது கெட்டியான பிளாஸ்டிக் ஓடு. ஸ்னோபோர்டு பூட்ஸ் வெளியே கனத்த மேலுறை, உள்ளே தனியாகக் கழற்றி எடுக்கக்கூடிய நுரை லைனர் என்று இரண்டு அடுக்காக இருக்கும். நடந்தால் கணுக்கால் கொஞ்சம் வளையும்.

## எதை வைத்து முடிவு செய்வது

பிராண்டு, நிறம், தள்ளுபடி மூன்றையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். பார்க்க வேண்டியவை குதிகால் பிடிப்பு, நீளம், அகலம், விறைப்பு, கடைசியாக மொத்தச் செலவு. நான் இதே வரிசையில்தான் பார்ப்பேன்.

குதிகாலுக்கு முதலிடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. விரல் பக்க விளிம்பில் திரும்பும்போது கணைக்காலை பூட்ஸின் நாக்கின் மேல் அழுத்தி, குதிகாலைத் தூக்குகிறோம். அப்போது பூட்ஸும் பலகையும் சேர்ந்து எழ வேண்டும். பூட்ஸ் கீழேயே இருக்க, கால் மட்டும் உள்ளே எழும்பினால் திருப்பம் கைகூடாது. கற்றுக்கொள்பவருக்கு இது தெரியாது. 'எனக்கு வரவில்லை' என்று நினைத்துக்கொண்டு பைண்டிங் பட்டையை இன்னும் இறுக்குவார். ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரக்கும், பாதம் வலிக்கும். புதியவர்கள் 'கால் வலிக்கிறது' என்று சொல்லும்போது அதன் பின்னால் பெரும்பாலும் தளர்வான பூட்ஸ்தான் இருக்கும்.

சோதிப்பது சுலபம். பூட்ஸை முழுக்க இறுக்கிக்கொண்டு, முழங்காலை மடக்கி, முன்னால் சாய்ந்து, விரல் நுனியில் எழும்புங்கள். நண்பர் ஒருவர் பூட்ஸின் பின்பக்கத்தைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். குதிகால் லேசாக அசைந்தால் பரவாயில்லை. அடியை விட்டுத் தெளிவாக மேலே வந்தால் அந்த பூட்ஸைக் கழற்றி வைத்துவிடுங்கள், விலை எவ்வளவாக இருந்தாலும் சரி.

நீளத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஓடும் ஷூவில் விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விட்டே பழகியவர்கள் நாம். ஸ்னோபோர்டு பூட்ஸில் அந்த இடம் இருக்கக் கூடாது. நிமிர்ந்து நின்றால் விரல் நுனி லைனரின் முன்பக்கத்தைத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி ஓட்டும் நிலைக்கு வந்தால் விரல்கள் பின்னால் இழுபட்டு, தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். விரல் மடங்கினால் சின்னது. நிமிர்ந்து நிற்கும்போதே எதையும் தொடவில்லை என்றால் பெரிது. புதிய லைனரின் நுரை சில நாள் ஓட்டியதும் அமுங்கி அரை அளவு வரை இடம் விடும். அதனால் கடையில் 'சௌகரியமாக இருக்கிறதே' என்று தோன்றும் புதிய ஜோடி, அடுத்த சீசனில் தொளதொளத்துவிடும்.

அகலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்த பாதத்தில் விரல்கள் விரிந்து, முன்பாதம் அகலமாக இருப்பது சகஜம். தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடக்கும் மக்களையும், ஷூ போடும் இந்தியர்களையும், ஐரோப்பியர்களையும் ஒப்பிட்டு 2009இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. வெறுங்கால் மக்களின் பாதம் அகலமானது, மேற்கத்தியர் பாதம் ஒடுக்கமானது. ஸ்னோபோர்டு பூட்ஸ் பெரும்பாலும் மேற்கத்தியப் பாதத்தை மனதில் வைத்துத்தான் செய்யப்படுகிறது. சுண்டுவிரல் பக்கம் நெருக்குகிறதே என்று ஒரு அளவு பெரிதாக எடுப்பது நம்மில் பலர் செய்யும் வேலை. அப்படி எடுத்தால் அகலம் சரியாகும், நீளம் கூடிவிடும், குதிகால் தளர்ந்துவிடும். செய்ய வேண்டியது அதே நீளத்தில் அகல மாதிரியைத் தேடுவது. பர்ட்டனின் ரூலர், சாலமனின் டயலாக், கே2வின் மேசிஸ் போன்றவற்றில் 'வைடு' என்று தனி மாதிரியே உண்டு.

விறைப்பை 1 முதல் 10 வரை எண்ணால் குறிப்பார்கள். ஒரு கம்பெனியின் 4 இன்னொன்றின் 4 போல இருக்காது. கற்பவருக்கு 2 முதல் 4 வரை போதும், எடை 85 கிலோவுக்கு மேல் என்றால் 5 வரை போகலாம். மென்மையான பூட்ஸ் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். நடக்கவும் இலகு. முதல் சில நாள் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறி இறங்குவது நிறைய இருக்கும் என்பதால் இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம்.

## கிளம்புவதற்கு முன் பாதத்தை அளந்துகொள்ளுங்கள்

வாடகை, இங்கே புதிதாக வரவழைப்பது, வெளிநாட்டில் வாங்குவது, பழைய ஜோடி என்ற நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த அளவு வேண்டும். சாயங்காலம் அளப்பது நல்லது, நாள் முழுக்க நடந்த பிறகு பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். சுவரோரம் ஒரு தாளை வைத்து, குதிகாலைச் சுவரில் ஒட்டி, இரண்டு காலிலும் எடை சமமாக இருக்கும்படி நில்லுங்கள். மிக நீளமான விரலின் நுனியில் யாராவது ஒருவர் கோடு போடட்டும். நீங்களே குனிந்து போட்டால் எடை மாறி அளவும் மாறும். முன்பாதத்தில் அகலமான இடத்தின் இரு பக்கமும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதத்தையும் அளந்து, பெரிதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்டிமீட்டரில் வரும் அந்த நீளம்தான் பூட்ஸின் மாண்டோ அளவு. 27 சென்டிமீட்டர் என்றால் மாண்டோ 27. ஆண்கள் அளவில் அது ஏறக்குறைய அமெரிக்க 9, நம் ஊரில் புழங்கும் பிரிட்டிஷ் அளவில் 8, ஐரோப்பிய அளவில் 42. ஆனால் 'நான் எப்போதும் 8 நம்பர் போடுவேன்' என்பதை நம்பி இறங்காதீர்கள். இடம் விட்டு ஷூ வாங்கியே பழகியவர் அளந்து பார்த்தால் 26 அல்லது 26.5 வருவது சாதாரணம்.

சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி. கம்பளி கலந்ததோ செயற்கை இழையோ, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வருவது. குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி போட்டால் மடிப்பு விழுந்து அழுத்தும், ரத்த ஓட்டம் குறையும், கால் இன்னும் சில்லிடும். பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

## முதல் வழி: அங்கே போய் வாடகைக்கு எடுப்பது

குல்மார்க் கடைத்தெருவிலும், மலைமேல் ஏற்றிச்செல்லும் கம்பிவட ஊர்தியான கொண்டோலாவின் பக்கத்திலும் வாடகைக் கடைகள் இருக்கின்றன. உத்தராகண்டின் ஔலியிலும் மணாலிக்கு அருகே சோலாங்கிலும்கூட உண்டு. அரசு நிறுவனங்கள் நடத்தும் வகுப்புகளில், குல்மார்க்கின் பனிச்சறுக்கு மலையேற்ற நிறுவனம் முதல் ஔலியில் அரசு சுற்றுலா நிறுவனமான ஜி.எம்.வி.என். வரை, உபகரணமும் கட்டணத்துக்குள் வருவது வழக்கம். அங்கே ஸ்கீதான் பிரதானம் என்பதால் ஸ்னோபோர்டு உண்டா, உங்கள் அளவில் பூட்ஸ் இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

வாடகையின் பெரிய பலம், பொருந்தாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்பது. முதல் தடவை போகிறவருக்கு ஸ்னோபோர்டு பிடிக்குமா என்பதே தெரியாது. இரண்டு நாளில் 'எனக்கு ஸ்கீதான் சரி' என்று மாறுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் ஒரு ஜோடி பூட்ஸ் வேலையில்லாமல் கிடக்காது.

குறையும் உண்டு. பல கால்கள் போட்டுப் போட்டு லைனர் அமுங்கியிருக்கும். அதனால் உங்கள் மாண்டோ அளவிலேயே எடுத்தாலும் பெரிதாகத் தெரியும், அரை அளவு சின்னதையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். எல்லாரும் போடும் நடுத்தர அளவுகள் ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரியிலும் காலை 9 மணிக்கே போய்விடும். பெண்களுக்கான சின்ன அளவுகள் தொடக்கத்திலேயே குறைவு. முடிந்தால் முந்தின நாள் சாயங்காலமே கடைக்குப் போய்விடுங்கள். கூட்டம் இருக்காது, கடைக்காரரும் நிதானமாக எடுத்துக் காட்டுவார்.

கடையில் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். கையை உள்ளே விட்டு விரல் பகுதிவரை தடவுங்கள், ஈரம் தட்டினால் வேறு கேளுங்கள். காலையிலேயே ஈரமாக இருக்கும் லைனர் நாள் முழுக்கக் காயாது, பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் குளிரில் அது கஷ்டம். லைனரின் குதிகால் பகுதியில் கணுக்கால் எலும்புக்குக் கீழே இரண்டு பக்கமும் திண்டு போலப் புடைத்திருக்கும். விரலால் அழுத்திப் பாருங்கள். அது தட்டையாகிவிட்டிருந்தால் குதிகாலைப் பிடிக்க எதுவும் மிச்சமில்லை. லேஸ் மாட்டும் கொக்கிகள் உடைந்திருக்கின்றனவா, இரண்டு பூட்ஸும் ஒரே அளவுதானா என்றும் பாருங்கள், மாறிப்போன ஜோடிகள் சகஜம். பிறகு எழும்பிப் பார்க்கும் சோதனை. டெல்லியில் இருக்கும் நமக்கு இந்தி கை கொடுக்கும். "ஏடீ உட் ரஹீ ஹை, ஆதா நம்பர் சோட்டா திகாயியே" (குதிகால் எழும்புகிறது, அரை அளவு சின்னதாகக் காட்டுங்கள்) என்று சொன்னால், தெரிந்துதான் கேட்கிறார் என்று புரிந்துகொண்டு உள்ளேயிருந்து வேறு ஜோடி எடுத்துவருவார்கள்.

முதல் பயணத்துக்கு வாடகைதான் என் சிபாரிசு. வருடத்துக்கு மூன்று நாலு நாள்தான் போக முடியும், இடம் வருடா வருடம் மாறும் என்கிறவர்களுக்கும் இதுவே. விதிவிலக்கு, பாதம் மிக அகலமாகவோ மிகச் சின்னதாகவோ மிகப் பெரிதாகவோ இருப்பவர்கள். மாண்டோ 23க்குக் கீழே, 29.5க்கு மேலே என்றால் வாடகைக் கடையில் பொருத்தமானது கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

## இரண்டாம் வழி: டெல்லியில் இருந்தபடி புதிதாக வரவழைப்பது

டெல்லியில் மலையேற்றச் சாமான் கடைகள் இருக்கின்றன. ஆனால் பத்து ஜோடி ஸ்னோபோர்டு பூட்ஸைப் போட்டுப் பார்த்து எடுக்கக்கூடிய கடைத்தெரு இங்கே கிடையாது. அதனால் 'வாங்குவது' என்றால் பெரும்பாலும் இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதுதான். தொடக்க நிலை ஜோடி ஒன்று அமெரிக்காவில் சுமார் 150 முதல் 250 டாலர். லேஸுக்குப் பதில் இறுக்கும் டயல் இரண்டு வைத்த, அதாவது இரட்டைத் திருகு உள்ள நல்ல ஜோடி 300 டாலரைத் தாண்டும்.

பட்டியல் விலையோடு கணக்கு முடியாது. சுங்க வரி, அதன் மேல் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.), கூரியர் கட்டணம், கூரியர் கம்பெனி வரி கட்டிக்கொடுப்பதற்கான சேவைக் கட்டணம் எல்லாம் சேரும். ஆர்டர் போடுவதற்கு முன் வரியோடு சேர்த்த விலையைக் காட்டும் கடையில் மட்டும் வாங்குங்கள். எனக்குப் பெரிய ஆபத்தாகப் படுவது திருப்பி அனுப்ப முடியாமல் போவதுதான். அளவு தப்பினால் மறுபடி கூரியர் செலவு, கட்டிய வரி திரும்புவது நிச்சயமில்லை. போட்டுப் பார்க்காமல் வாங்க எல்லாப் பொருளையும்விட மோசமான பொருள் பூட்ஸ்.

வெளிநாட்டுக் கடைகளில் லைனரைச் சூடாக்கி உங்கள் கால் வடிவத்துக்கு வார்த்துக் கொடுப்பார்கள். இங்கே அந்த வசதி இல்லாமல் போனாலும் பாதகமில்லை. உடம்புச் சூட்டிலேயே லைனர் மெல்ல மெல்லப் படிந்துவிடும். வீட்டில் டிவி பார்க்கும்போது போட்டுக்கொண்டு உட்காருங்கள், அரை மணி நேரம், பிறகு ஒரு மணி நேரம். முடி உலர்த்தும் டிரையரை வைத்து வீட்டிலேயே சூடு காட்டும் வேலை வேண்டாம். நுரையும் பசையும் கெட்டுப்போகும்.

பயணச் செலவிலும் கொஞ்சம் கூடும். ஒரு ஜோடி 2 கிலோ, சில சமயம் அதற்கும் மேல். உள்நாட்டு விமானத்தில் எக்கானமி பயணிக்குப் பெரும்பாலும் 15 கிலோதான், அதில் கனத்த கோட்டும் போக வேண்டும். பூட்ஸை ஒரு தோள்பையில் போட்டு கைச்சாமானாகவே எடுத்துப்போவதை நான் விரும்புவேன். பெட்டி தாமதமானால் மற்ற எல்லாவற்றையும் அங்கே வாடகைக்கு எடுக்கலாம், காலுக்குப் பழகிய பூட்ஸை எடுக்க முடியாது. அங்கே போனதும் பலகைக்கும் பைண்டிங்குக்கும் மட்டும் தனி விலை கேளுங்கள். சில கடைகளில் 'செட்டு விலைதான்' என்பார்கள், அப்போது நீங்கள் பூட்ஸுக்கு இரண்டு முறை காசு கொடுக்கிறீர்கள். அதோடு உங்கள் பூட்ஸ் அவர்களுடைய பைண்டிங்கில் சரியாக உட்காருகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். பூட்ஸின் வெளி நீளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், விரல் முனை பலகைக்கு வெளியே அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் திரும்பும்போது பனியில் உரசும்.

இந்த வழி யாருக்கு? வாடகை ஜோடிகளைப் போட்டுத் தன் அளவையும், எந்தக் கம்பெனி தன் காலுக்கு ஒத்துவருகிறது என்பதையும் தெரிந்துகொண்டவருக்கு. வாடகைக்கு எடுக்கும் ஒவ்வொரு பூட்ஸின் பெயரையும் அளவையும் நாக்கின் உள்பக்கச் சீட்டிலிருந்து போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் ஆர்டர் போடும்போது அதுதான் வழிகாட்டும்.

## மூன்றாம் வழி: வெளிநாட்டில் வாங்குவது

இதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அக்காவிடம் சொல்லி வாங்கிவரச் சொல்வது, இணையத்தில் வாங்குவதைவிடக் கொஞ்சம்தான் மேல். கூரியர் செலவு மிச்சம், ஆனால் போட்டுப் பார்ப்பது உங்கள் கால் இல்லை. வாங்கிவந்த பிறகு பொருந்தாவிட்டால், அக்கா ஆசையாகக் கொண்டுவந்ததைச் சொல்லவும் முடியாமல் போடவும் முடியாமல் நிற்பீர்கள். அளவு உறுதியாகத் தெரிந்திருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

ஆபீஸ் வேலையாக நீங்களே அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ போகும் வாய்ப்பு இருந்தால் கதையே வேறு. நான்கு வழிகளில் இதுதான் சிறந்தது. மார்ச், ஏப்ரலில் அந்த சீசனின் சரக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிடுவார்கள். பூட்ஸில் வருடா வருடம் பெரிய மாற்றம் வருவதில்லை, போன சீசன் மாதிரி என்பதால் தயங்க வேண்டாம். அந்தத் தள்ளுபடியில் நடு அளவுகள் முதலில் தீர்ந்துவிடும் என்பது மட்டும்தான் சிக்கல்.

கடையில் அவசரப்படக் கூடாது. உங்கள் சொந்த சாக்ஸோடு போங்கள். மூன்று கம்பெனிகளிலாவது போட்டுப் பாருங்கள், ஏனென்றால் ஒன்று குதிகாலில் ஒடுக்கம், ஒன்று முன்பாதத்தில் விசாலம், ஒன்று பாதத்தின் மேற்புறம் உயரம் என்று ஒவ்வொன்றின் வார்ப்பும் வேறு. பிடித்ததைப் போட்டுக்கொண்டு 20 நிமிடம் கடைக்குள்ளேயே நில்லுங்கள், நடங்கள், முழங்காலை மடக்குங்கள். எல்லாப் பக்கமும் சமமாக இறுகப் பிடித்தால் நல்லது. ஒரே புள்ளியில் சுருக்கென்று அழுத்தினால் அது பனியில் பத்து மடங்காகும். கற்றுக்கொடுப்பவரின் பழைய ஜோடி எப்படி இருக்கிறது, நண்பன் என்ன போடுகிறான் என்பதெல்லாம் இங்கே பயன்படாது. கால் சொல்வதை மட்டும் கேளுங்கள்.

பெண்கள், பெண்களுக்கான மாதிரியையே முதலில் பாருங்கள். கெண்டைக்கால் சதை கீழே இறங்கியிருப்பதைக் கணக்கில் வைத்து அதன் கழுத்துப் பகுதியைத் தாழ்வாகவும் சற்று விரிவாகவும் செய்திருப்பார்கள், குதிகால் பகுதி ஒடுக்கமாக இருக்கும். ஆண்கள் ஜோடியில் அரை மணி நேரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்று சொல்லும் பெண்களுக்கு இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருக்கும்.

## நான்காம் வழி: பழைய ஜோடி

சீசன் முடிவில் குல்மார்க்கிலேயே வெளிநாட்டுப் பயணிகள் விற்றுவிட்டுப் போவார்கள். டெல்லியை விட்டுக் கிளம்பும் வெளிநாட்டவர் வீட்டுச் சாமானோடும் வரும். விலை கவர்ச்சியாகத்தான் இருக்கும். எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. லைனர் ஏற்கெனவே இன்னொருவர் காலுக்குப் படிந்துவிட்டது, அதைத் திரும்ப நிமிர்த்த முடியாது. தனி லைனர் வாங்கிப் போடலாம் என்றால் அதன் விலையையும் சேர்த்துப் புது ஜோடி விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால், எத்தனை நாள் ஓட்டியது என்று கேளுங்கள், பதிலோடு லைனரின் குதிகால் திண்டையும் அழுத்திப் பார்த்து ஒப்பிடுங்கள். அடிப்பாகத்தை இரண்டு கையாலும் வளைத்து, மேலுறையும் அடியும் சேரும் இடத்தில் பசை விட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல வருடம் சும்மா கிடந்த பூட்ஸ் பார்க்கப் புதிது போல இருக்கும், பனியில் இறங்கிய முதல் நாளே அடி பிளந்துவிடும். சில நாள் மட்டுமே ஓட்டியது, உங்கள் அளவு அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது, எழும்பும் சோதனையில் குதிகால் அசையவில்லை, இந்த மூன்றும் சேர்ந்தால் எடுங்கள். குழந்தைகளுக்கு மட்டும் பழையது நல்ல யோசனை. ஒரே சீசனில் கால் வளர்ந்துவிடும், அவர்கள் எடைக்கு லைனரும் அவ்வளவாக அமுங்காது. அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக மட்டும் வாங்காதீர்கள். பள்ளிச் சீருடைக்குச் சரிப்படும் கணக்கு இங்கே சரிப்படாது.

## இறுக்கும் முறை: லேஸா, இழுவையா, திருகா

வாங்குவது என்று முடிவானால் அடுத்து வருவது இது. இழுவை லேஸ் என்பது கைப்பிடியைப் பிடித்து இழுத்தாலே இறுகும் கயிறு, திருகு என்பது சுற்றி இறுக்கும் டயல். பொருத்தம் சரியாக இருந்தால் மூன்றுமே வேலை செய்யும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

| | சாதா லேஸ் | இழுவை லேஸ் | திருகு (போவா) |
|---|---|---|---|
| இறுக்க ஆகும் நேரம் | அதிகம், கையுறையைக் கழற்ற வேண்டும் | குறைவு | மிகக் குறைவு, கையுறையோடு முடியும் |
| இடத்துக்கு இடம் இறுக்கத்தை மாற்றுவது | மிக நன்றாக | மேல், கீழ் தனித்தனி | ஒற்றைத் திருகில் கடினம், இரட்டையில் நன்று |
| நாள் போகப்போக | தளரும், மறுபடி கட்ட வேண்டும் | கொஞ்சம் தளரும் | பெரும்பாலும் நிற்கும், ஒரு சுற்று போதும் |
| மலையில் அறுந்தால் | எந்தக் கடையிலும் புது லேஸ் | கயிறு கிடைப்பது கடினம் | உதிரிப் பாகம் கையில் இருக்க வேண்டும் |
| விலை | குறைவு | நடுத்தரம் | கூடுதல் |

போவா என்ற பெயரில் விற்கும் திருகு முறையை அமெரிக்காவின் கொலராடோவில் கேரி ஹாமர்ஸ்லாக் உருவாக்கினார். 2001இல் ஸ்னோபோர்டு பூட்ஸில்தான் அது முதலில் சந்தைக்கு வந்தது. மெல்லிய கம்பி, அதைச் சுற்றி இழுக்கும் சின்ன டயல், அவ்வளவுதான். டயலுக்கும் கம்பிக்கும் அந்தப் பொருளின் ஆயுள் முழுக்க கம்பெனி உத்தரவாதம் தருகிறது. உத்தரவாதம் இருந்தாலும் பாகம் குல்மார்க்கின் அப்பர்வாத் மலைச் சரிவுக்குப் பறந்து வராது. அதனால் கிளம்புவதற்கு முன்பே ஒரு உதிரி செட்டைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைத் திருகில் ஒரே கம்பி முழு பூட்ஸையும் இழுப்பதால், குதிகாலை இறுக்கப் போனால் பாதத்தின் மேற்புறமும் சேர்ந்து இறுகும். மேற்புறம் உயரமாக இருப்பவர்களுக்கு இது விரல் மரத்துப்போகும் வழி. திருகுதான் வேண்டும் என்றால் இரட்டைத் திருகு எடுங்கள், அதற்குக் காசு போதாவிட்டால் ஒற்றைத் திருகைவிட சாதா லேஸ் மேல். புதிய மாணவருக்கு நான் சொல்வது இழுவை லேஸ் அல்லது இரட்டைத் திருகு. காரணம் வசதி மட்டும் இல்லை. கொண்டோலாவுக்கு வரிசையில் நிற்கும்போதும் டீ குடிக்க உட்காரும்போதும் தளர்த்திவிட்டு, ஓட்டும் முன் மறுபடி இறுக்குவது காலுக்கு மிக நல்லது. சாதா லேஸ் போட்டவர்கள் அந்தச் சிரமத்தை நினைத்துத் தளர்த்தவே மாட்டார்கள்.

2017இல் பர்ட்டன் கொண்டுவந்த ஸ்டெப் ஆன் மாதிரி, பட்டை இல்லாமல் மிதித்தால் மாட்டிக்கொள்ளும் பூட்ஸும் இருக்கிறது. அருமையான வசதிதான். ஆனால் அதற்கு அதே வகை பைண்டிங் வேண்டும். பலகையை வாடகைக்கு எடுக்கப்போகிற ஒருவர் அதை வாங்கினால் பைண்டிங்கையும் வாங்கிச் சுமக்க வேண்டும். இப்போதைக்கு வேண்டாம்.

## எந்த வரிசையில் செலவு செய்வது

கையில் 25,000 ரூபாய் இருக்கிறது, பலகை வாங்கவா பூட்ஸ் வாங்கவா என்று ஒரு தம்பி கேட்டான். பூட்ஸ், சந்தேகமே வேண்டாம். முதல் பயணத்தில் எல்லாம் வாடகை. பிடித்துப்போய் அடுத்த வருடமும் போவது உறுதியானால் நல்ல சாக்ஸும் பூட்ஸும் வாங்குங்கள், தலைக்கவசம் அடுத்தது. பலகையும் பைண்டிங்கும் வருடத்துக்குப் பத்து நாளாவது பனியில் இருப்பவருக்கு மட்டும். டெல்லி அடுக்குமாடி வீட்டில் ஒன்றரை மீட்டர் பலகையை வைக்க இடம் தேடுவதும், விமானத்தில் அதற்குத் தனிக் கட்டணம் கட்டுவதும் பூட்ஸுக்கு இல்லை.

வாங்கிய பிறகு பராமரிப்பில் இரண்டு விஷயம். காஷ்மீரத்து அறைகளில் விறகு போட்டு எரிக்கும் புகாரி அடுப்பு இருக்கும். ஈர பூட்ஸை அதற்குப் பக்கத்தில் வைக்க எல்லாருக்கும் கை போகும். வைத்தால் லைனர் சுருங்கி வடிவம் போய்விடும், பசையும் இளகும். லைனரைக் கழற்றி, உள்ளடித் தகட்டையும் வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, அடுப்பிலிருந்து நாலைந்து அடி தள்ளி வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள், காலையில் காய்ந்திருக்கும்.

இன்னொன்று டெல்லிக் கோடை. பரணில் போட்டுவிட்டால் மே, ஜூன் வெயிலில் மேல்தளம் தகிக்கும், ஜூலை ஆகஸ்டில் ஈரக்காற்றில் பூசணம் பிடிக்கும். கட்டிலுக்கு அடியிலோ அலமாரியின் கீழ்த்தட்டிலோ, துணிப்பையில், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு, லேஸை லேசாக இறுக்கி வடிவம் மாறாமல் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். நவம்பரில் எடுத்து ஒருநாள் மாலை வீட்டுக்குள் போட்டு நடந்து, அடியை வளைத்துப் பார்த்து, திருகையும் லேஸையும் முழுக்க இறுக்கி விட்டுப் பாருங்கள். பழுது இருந்தால் உதிரிப் பாகம் வரவழைக்க ஒரு மாதம் கையில் இருக்கும்.